இருட்டில் உருவான ஆற்றல்

கேள்வி: ஒளிச்சேர்க்கையில் சூரிய ஒளி ஏ.டி.பி.யாக மாறுகிறது என்று பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். வெளிச்சம் எப்படி ஒரு பொருளாக மாறும்? (வாசகி, மன்னார்குடி)

பதில்: மாறாது. இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு: இரண்டு பாஸ்பேட் கொண்ட மூலக்கூறு, மூன்று பாஸ்பேட் கொண்டு செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு ஆகிய இரண்டின் சுருக்கப் பெயரும் நம் எழுத்தில் 'ஏ.டி.பி.' என்றே வந்து நிற்கும் என்பதால் முழுப்பெயர்களையே எழுதுகிறேன். அடினோசின் டைபாஸ்பேட்டும் தனிப் பாஸ்பேட்டும் செல்லில் முன்பே இருப்பவை; அவற்றை இணைத்து அடினோசின் ட்ரைபாஸ்பேட் (உங்கள் மகள் சொல்வது இதைத்தான்) ஆக்கத் தேவையான ஆற்றலை மட்டுமே ஒளி தருகிறது; அதையும் நேரடியாகத் தருவதில்லை.

இலைச் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் இடமான பசுங்கணிகத்தினுள் தைலகாய்டு எனப்படும் தட்டையான சவ்வுப் பைகள் உள்ளன. அந்தச் சவ்விலுள்ள பச்சையம் ஒளியை ஈர்த்ததும் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. நீர் மூலக்கூறு பிளந்து அந்த இழப்பை ஈடுசெய்கையில்தான் ஆக்சிஜன் வெளிவருகிறது. விடுபட்ட எலக்ட்ரான் சவ்வில் கைமாறிச் செல்லும்போது வெளிப்புறப் புரோட்டான்கள் (அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகள்) பைக்குள் சேர்கின்றன. நீர் பிளந்ததால் கிடைத்தவையும் உள்ளேயே தங்க, உட்புறம் அமிலமாகிறது. நெருக்குண்ட புரோட்டான்கள் சவ்வில் பதிந்துள்ள ஒரு நொதியின் ஊடாக வெளியேறுகையில் அதன் ஒரு பகுதி உண்மையாகவே சுழல்கிறது. ஸ்பினாச் கீரையில் (நம் கொடிப்பசலை அன்று) அந்தச் சுழல் வளையத்தில் 14 அலகுகள் இருப்பதால், 14 புரோட்டான்கள் கடந்தால் ஒரு முழுச் சுற்று, அதற்கு 3 ட்ரைபாஸ்பேட் மூலக்கூறுகள்.

சவ்வின் ஒருபுறம் சேரும் புரோட்டான்களே ட்ரைபாஸ்பேட்டை உருவாக்க உதவுகின்றன என்ற இக்கருத்தை 1961இல் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. 1966இல் ஜாகெண்டார்ப், உரிபே என்ற இரு ஆய்வாளர்கள் ஸ்பினாச் பசுங்கணிகங்களை அமிலக் கரைசலில் ஊறவைத்து, உட்புறமும் அமிலமான பின், டைபாஸ்பேட்டும் பாஸ்பேட்டும் கலந்த காரக் கரைசலுக்குச் சட்டென மாற்றினார்கள். முழு இருட்டிலும் ட்ரைபாஸ்பேட் உருவாயிற்று. ஒளி செய்யும் வேலை புரோட்டான்களைச் சேர்ப்பதே என்பதற்கு இதைவிட அழகான சான்றை நான் அறியேன். மிட்செலுக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு மறுதலையான சோதனையும் உண்டு. பசுங்கணிகங்களுடன் அம்மோனியம் உப்பைச் சேர்த்தால் உட்புற அமிலத்தன்மை குலைந்துபோகும். வெளிச்சம் பட்டுக்கொண்டே இருக்கும், எலக்ட்ரான் ஓடும், ஆக்சிஜனும் வரும். ட்ரைபாஸ்பேட் மட்டும் உருவாகாது.