ஓராண்டு ஐரோப்பா, அப்புறம் மோட்டார்ஹோமோடு மெல்போர்ன்: 60,000 டாலர் போதுமா?

தம்பி, பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்து மெல்போர்ன் வந்து ஏழு மாதம் ஆகிறது, இங்கிலாந்தில் பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிச் சமைக்கும் வீட்டு வண்டி) ஒன்றை வாங்கி மனைவியோடு ஓராண்டு ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வண்டியையும் இங்கேயே கொண்டுவரலாமா, கையில் 60,000 ஆஸ்திரேலிய டாலர் இருக்கிறது, போதுமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் என் மனைவியும் இதையே 14 மாதம் செய்துவிட்டு வண்டியோடு திரும்பியவர்கள் என்பதால் நேராகவே சொல்கிறேன்: போதாது. ஆனால் பணத்துக்கு முன்னால் நீங்கள் பார்க்க வேண்டியது தேதி.

சொந்த வண்டியை 'பெர்சனல் இம்போர்ட்' வழியில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவர, அது வெளிநாட்டில் தொடர்ந்து 12 மாதமாவது உங்களுடையதாக இருந்திருக்க வேண்டும், அந்தக் காலத்தில் நீங்களும் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். இன்னொரு பக்கம், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அதற்கு முந்தைய நான்கு ஆண்டில் மொத்தம் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது, கடைசி ஓராண்டில் 90 நாளுக்கு மேல் கூடாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வண்டி தேடி அலையும் வாரங்களும் கப்பலில் ஏற்றிவிடும் வாரங்களும் சேர்ந்தால் 13, 14 மாதம் ஆகிவிடும், நடுவில் ஊருக்குப் போய் அப்பா அம்மாவைப் பார்க்கும் நாட்களும் அதே கணக்கில்தான் விழும். பி.ஆர். போய்விடாது, ஆனால் குடியுரிமை தள்ளிப்போகும். அதனால் குடியுரிமை வாங்கிவிட்டுக் கிளம்புங்கள் என்பதுதான் என் பதில்.

இந்திய பாஸ்போர்ட் என்று எழுதியிருந்தீர்கள், அதுவும் ஒரு காரணம். ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில், எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் இருக்கலாம். ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டுக்கும் அதே கணக்குதான், ஆனால் முன்கூட்டி விசாவுக்கு நிற்க வேண்டாம். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகை எடுத்து கம்ப்யூட்டரே நாளை எண்ணுகிறது, குரோஷியாவும் ருமேனியாவும் பல்கேரியாவும் இப்போது ஷெங்கனுக்குள் வந்துவிட்டன. நாங்கள் இங்கிலாந்து, அயர்லாந்து, அப்புறம் 88 நாள் ஷெங்கன், இத்தாலியின் பாரியிலிருந்து கப்பலில் அல்பேனியா, மான்டினீக்ரோ, போஸ்னியா, செர்பியா, மறுபடி ஷெங்கன், கடைசியில் ஸ்பெயினின் அல்ஹெசிராஸிலிருந்து மொராக்கோ என்று சுற்றினோம். அழகான வழிதான், ஆனால் அதை வகுத்தது எங்கள் ஆசை இல்லை, அந்த 90 நாள்.

சரி, பணம். எங்கள் வண்டி எட்டு வயதானது, ஃபியட் டுகாட்டோ வேன் மேல் கட்டியது, 7 மீட்டர் நீளம், 34,000 பவுண்டு. பவுண்டுக்கு ஏறக்குறைய 2 டாலர் என்று போட்டாலே உங்கள் 60,000 வண்டிக்கே போய்விடும். டீசல், சாப்பாடு, இரவு நிறுத்தும் இடம், படகு, டோல், ரிப்பேர் எல்லாம் சேர்த்து இருவருக்கும் மாதம் சராசரி 2,100 பவுண்டு ஆனது, 14 மாதத்துக்கு 29,400. அதில் குறைக்க முடிவது நிறுத்தும் இடமும் ஓடும் தூரமும்தான். பிரான்ஸில் ஊராட்சிகள் நடத்தும் 'ஏர்' நிறுத்தங்களில் சில இலவசம், பல இடங்களில் 10, 15 யூரோவுக்குள் முடியும். ஆகஸ்டில் குரோஷியக் கடற்கரையில் அதைப் போல நான்கு மடங்கு கொடுத்தோம், அங்கே கேம்ப்சைட்டுக்கு வெளியே தங்குவது சட்டப்படி குற்றம் என்பதால் வேறு வழியும் இல்லை. ஓரிடத்தில் ஒரு வாரம் தங்கினால் டீசல் செலவு தானாக விழும், எங்களுக்கு இது நான்காவது மாதம்தான் புரிந்தது.

இன்சூரன்ஸில் கவனம். வண்டியைப் பதிவு செய்ய இங்கிலாந்து முகவரி வேண்டும், லண்டன் ஹாரோவில் இருக்கும் என் அத்தை மகன் வீட்டு முகவரியைக் கொடுத்தோம். அங்கே நிரந்தரமாக வசிக்காதவர்களுக்கு பாலிசி தருபவர்கள் குறைவு, கிடைத்ததே என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிரான்ஸில் இரண்டாம் மாதம் ஒரு மழை நாளில் பாலிசியைப் பொழுதுபோகாமல் படித்த என் மனைவிதான், வெளிநாட்டில் முழுக் காப்பு 90 நாள் மட்டும் என்ற வரியைக் கண்டுபிடித்தாள். வேறு பாலிசிக்கு மறுபடி 640 பவுண்டு. நாள் வரம்பையும் அல்பேனியா, மொராக்கோ பெயர்களையும் எழுத்தில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

கொண்டுவரும் கதைக்கு வருகிறேன். வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே இங்கே ஓடுமா என்று பார்த்து வாங்க வேண்டும். ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தால் மட்டும் போதாது, வீட்டுப் பகுதிக் கதவு இடப்பக்கமோ பின்பக்கமோ இருக்க வேண்டும். ஐரோப்பியத் தயாரிப்புகள் பலவற்றில் ஸ்டியரிங்கை மாற்றியிருப்பார்கள், கதவு மட்டும் வலப்பக்கமே இருக்கும். கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் இறக்குமதி அனுமதி கையில் இருக்க வேண்டும், ஏற்றிவிட்டு விண்ணப்பிப்பது பெரிய தப்பு.

கிட்டத்தட்ட 2.9 மீட்டர் உயரம் என்பதால் கன்டெய்னருக்குள் போகாது, ஓட்டியே ஏற்றும் ரோ-ரோ கப்பல்தான். கட்டணம் கன மீட்டருக்கு இவ்வளவு என்று போடுவார்கள், நீளம் அகலம் உயரம் பெருக்கினால் எங்களுடையது சுமார் 47. பின்னால் இருந்த சைக்கிள் ஸ்டாண்டைக் கழற்றினதிலேயே இரண்டரை கன மீட்டருக்கு மேல் குறைந்தது. இங்கே வந்ததும் சுங்க வரி 5 சதவீதம், அப்புறம் வண்டி மதிப்பு, வரி, கப்பல் கட்டணம், அதன் இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் கூட்டி அதன் மேல் 10 சதவீதம் ஜி.எஸ்.டி. மதிப்பு 50,000 டாலர், கப்பலும் இன்சூரன்ஸும் 9,000 என்றால் வரி 2,500, ஜி.எஸ்.டி. 6,150. இங்கிலாந்தோடு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறதே, வரி விலக்கு இல்லையா என்று பலர் கேட்கிறார்கள். ஒப்பந்தம் பார்ப்பது எங்கே வாங்கினீர்கள் என்று இல்லை, எங்கே தயாரானது என்று.

மண்ணோ இலையோ ஒட்டியிருந்தால் இங்கே வண்டியை உள்ளே விடமாட்டார்கள், அதனால் சுத்தம் செய்ய வேண்டும்; இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். கப்பல் ஏற்றும் சௌத்தாம்ப்டனில் வாட்டர் சர்வீஸ் விட்டோம், அப்புறம் நாங்கள் இருவரும் பழைய டூத் பிரஷ்ஷோடு இரண்டு நாள் உட்கார்ந்தோம். பானெட்டைத் திறந்தால் வைப்பருக்குக் கீழே உள்ள ஜாலியில் பைன் ஊசி இலைகள் ஒரு கைப்பிடி, எந்தக் காட்டில் எப்போது விழுந்ததோ. ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தோம். அப்படியும் இங்கே மெல்போர்ன் துறைமுகத்தின் வெப் டாக்கில் சோதனை அதிகாரி டார்ச்சும் கண்ணாடியும் வைத்து அடியில் பார்த்து, பின் சக்கர வளைவுக்கு மேலே இருந்த மண்ணைக் காட்டினார். மறுபடி கழுவ, மறுபடி சோதிக்க என்று 700 டாலருக்கு மேல் போயிற்று. செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை நாற்றப்பூச்சி (வண்டியில் ஒளிந்து வந்துவிடும் பூச்சி) காலம், அப்போது பல ஐரோப்பிய நாடுகளிலிருந்து ஏற்றும் வண்டிகளுக்குப் புகையூட்டலோ சூடேற்றலோ உண்டு. நாங்கள் மே கடைசியில் ஏற்றியது அதனால்தான்.

அப்புறம் கேஸ் அடுப்பும் ஃபிரிட்ஜும் இங்கத்திய அனுமதி இல்லாதவை என்று மாற்றச் சொன்னார்கள், பிளக் பாயின்ட்டுகளையும் மாற்றினோம். இதற்கெல்லாம் தனியாக 8,000 டாலராவது எடுத்து வையுங்கள். வண்டியைப் பத்து வருடமாவது வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் இந்தச் செலவு தகும். இங்கே விற்று லாபம் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இங்கிலாந்திலேயே விற்றுவிட்டு விமானம் ஏறுங்கள், அப்போது உங்கள் 60,000 பயணச் செலவுக்குச் சரியாக வரும், வண்டிக்குத் தனியாகப் போட வேண்டிய பணத்தில் பெரும்பகுதியும் திரும்பிவிடும்.

உங்கள் நான்கு ஆண்டு எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதுங்கள். அதிலிருந்து எந்த மாதம் வாங்கி எந்த மாதம் ஏற்றுவது என்று உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.