டங்ஸ்டன் கார்பைடைக் கூட்டிக்கொண்டே போனால் லேசர் கிளாடிங்கின் தேய்மானம் குறையுமா?

ஓரளவுக்குக் குறையும். லேசர் கிளாடிங் என்றால் உலோகப் பவுடரை லேசரால் உருக்கி ஒரு பாகத்தின் மேல் பூச்சாகப் படியவைப்பது, டங்ஸ்டன் கார்பைடு அந்தப் பவுடரில் கலக்கும் மிகக் கடினமான துகள். ஆனால் பவுடரில் எவ்வளவு கலந்தீர்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள், படிந்து முடிந்தபின் அதில் எவ்வளவு கார்பைடு கரையாமல் முழு மணியாக மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். மணல் கலந்த சேறு இறைக்கும் பம்பின் ஸ்லீவ் ஒன்றுக்கு நிக்கல் பவுடரும் டங்ஸ்டன் கார்பைடும் கலந்து பூச்சு போட்டோம். மேல்பரப்பு சொரசொரப்பாக வந்ததால் லேசர் பவரைக் கொஞ்சம் ஏற்றினேன், பளபளவென்று வந்தது, ராக்வெல் எண்ணும் (கடினத்தன்மையின் அளவு) முன்பைவிடக் கூடியிருந்தது, சந்தோஷமாக அனுப்பிவிட்டேன். சீக்கிரமே தேய்ந்து திரும்பி வந்துவிட்டது.

வெட்டி, பாலிஷ் செய்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உருண்டையாக இருக்க வேண்டிய மணிகள் ஓரம் கரைந்து சிறுத்துப்போயிருந்தன. டங்ஸ்டன் கார்பைடு உருக 2,870 டிகிரி செல்சியஸ் வேண்டும், நிக்கல் கலவை 1,000 டிகிரியை ஒட்டியே உருகிவிடும், அதனால் கார்பைடுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தேன். ஆனால் அது உருகத் தேவையே இல்லை, சூடான திரவ நிக்கலில் சர்க்கரை மாதிரி கரைகிறது! கரைந்த டங்ஸ்டனும் கார்பனும் ஆறும்போது நுண்ணிய, எளிதில் நொறுங்கும் கார்பைடுகளாகத் திரும்பப் படிகின்றன. ராக்வெல் எண் ஏறியதற்கு அதுதான் காரணம். மேட்ரிக்ஸ், அதாவது மணிகளைப் பிடித்து வைத்திருக்கும் உலோகம், நிக்கலுக்குப் பதில் இரும்பு என்றால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

பழைய கான்கிரீட் தரையில் சிமெண்ட் தேய்ந்து ஜல்லி துருத்தி நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, இங்கேயும் நடப்பது அதேதான். மணல் முதலில் மேட்ரிக்ஸைத்தான் அரிக்கும், மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மணல் துகளைவிடப் பெரிதாக இருந்தால் அது உள்ளே புகுந்து சுற்றிலும் தோண்டி, கடைசியில் மணியையே பெயர்த்துவிடும். அதனால்தான் மணிகள் நெருக்கமாக இருப்பது முக்கியம், அந்த வகையில் உங்கள் யோசனை சரிதான்.

அப்புறம் இன்னொன்று, எடையில் 60 சதவீதம் என்றால் கன அளவில் சுமார் 45 சதவீதம்தான், ஏனென்றால் கார்பைடின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 15.6 கிராம், நிக்கலுக்கு ஏறக்குறைய அதில் பாதிதான். மெல்ட் பூல் (லேசர் பட்டு உருகிய உலோகக் குட்டை) அதிக நேரம் திரவமாகவே இருந்தால் மணிகள் அடியில் தங்கிவிடும், மேலே வெறும் நிக்கல்தான் மிஞ்சும்.

ரொம்பக் கூட்டினால் விரிசல் விடும். சூட்டில் கார்பைடு விரிவது நிக்கல் விரிவதில் பாதிகூட இல்லை, ஆறும்போது இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். பூச்சு போடும் பாகத்தை முன்னாலேயே 300 டிகிரி வாக்கில் சூடாக்கி, மெதுவாக ஆறவிடுங்கள். பவரை ஏற்றும் முன் சின்னத் துண்டு ஒன்றில் போட்டு வெட்டிப் பாருங்கள்.