வில்லி நெல்சன் தாளத்துக்குப் பிந்துகிறாரா?

கே: அலுவலக நண்பர்கள் அடுத்த மாத வில்லி நெல்சன் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு என்னையும் இழுக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரே கன்ட்ரி பாட்டு 'கிரேசி'. அது ஒரு பெண் பாடியது அல்லவா? இவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? (டாலஸ் வாசகர்)

ப: பாடியவர் பேட்ஸி க்ளைன், 1961. எழுதி மெட்டுப்போட்டவர் வில்லி. டெக்சஸில் ஆபட் என்ற சிற்றூரில் 1933 ஏப்ரல் 29 அன்று பிறந்தவர். தாத்தா பாட்டி வளர்த்த பிள்ளை. 1960ல் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் போனார். அங்கே விலைபோனது அவருடைய பேனா. குரலை யாரும் சீந்தவில்லை. 'கிரேசி' வந்த அதே ஆண்டில் அவர் எழுதிய 'ஹலோ வால்ஸ்' ஃபேரன் யங் குரலில் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. சொந்தக் குரலில் முதலிடம் வர 1975 ஆகிவிட்டது. அதிலும் ஒரு வேடிக்கை: அந்தப் பாட்டு, 'ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெயின்', அவர் எழுதியதே இல்லை. ஃப்ரெட் ரோஸ் எழுதியது.

அது இடம்பெற்ற 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பம் பதிவானது உங்கள் டாலஸை ஒட்டிய கார்லண்டில்தான். கச்சேரிக்கு முன் ஒன்றே ஒன்று கேட்க நேரம் இருந்தால் அதையே கேளுங்கள். வாத்தியங்கள் அவ்வளவு கொஞ்சம் என்பதால் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் இதை மாதிரிப் பதிவு (முழுப் பதிவுக்கு முந்திய வெள்ளோட்டம்) என்றே நினைத்தார்கள். கலை சம்பந்தமான முடிவெல்லாம் பாடகருடையது என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் கைவைக்க முடியவில்லை.

கே: 50 டாலருக்குப் பாட்டை விற்றார் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் இன்றைக்கும் அவருக்குக் காசு வராதா? (ஹூஸ்டன் வாசகர்)

ப: உண்மை. 'ஃபேமிலி பைபிள்' 50 டாலருக்கும், 'நைட் லைஃப்' 150 டாலருக்கும் கைமாறின. முதல் பாட்டு 1960ல் க்ளாட் க்ரே பாடிப் பிரபலமானபோது எழுதியவர் பட்டியலில் வில்லியின் பெயரே இல்லை. வாடகைக்கும் சாப்பாட்டுக்குமான அவசரம். 'ஹலோ வால்ஸ்' பாட்டையும் 500 டாலருக்குத் தள்ளிவிடப் பார்த்தார். ஃபேரன் யங் வாங்க மறுத்து, கடனாகப் பணம் கொடுத்து, உரிமையை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். கன்ட்ரி உலகில் இதைவிட நல்ல கடன் யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் 1909 முதல் 1977 வரை ஒரு பாட்டின் ஒரு பிரதிக்குச் சட்டப்படியான தொகை 2 சென்ட். வழக்கமாகப் பதிப்பாளருக்குப் பாதி, எழுதியவருக்குப் பாதி. 1 லட்சம் இசைத்தட்டு போனால் எழுதியவர் கையில் 1,000 டாலர். 50 டாலருக்கு விற்றவர் 5,000 தட்டு விற்பனையோடு கணக்கை முடித்துக்கொண்டவர் ஆகிறார். இதற்கு மேல் வானொலிப் பணம் தனி. அதில் ஒரு விசித்திரம் இன்றும் தொடர்கிறது: ஏஎம், எஃப்எம் நிலையங்கள் பாட்டை எழுதியவருக்குப் பணம் தருகின்றன, பாடியவருக்குத் தருவதில்லை. 'கிரேசி' ஒலிபரப்பாகும்போது காசு க்ளைன் பக்கம் போகாது, வில்லி பக்கம் போகும்.

எழுதுகிறவர்கள் கவனத்துக்கு: சேர்ந்து எழுதினால் யாருக்கு எத்தனை சதவீதம் என்று அன்றைக்கே, அறையை விட்டு எழுமுன், ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாட்டு ஓடிய பிறகு எல்லோருக்குமே தான்தான் பல்லவி எழுதியதாக ஞாபகம் வரும்.

கே: அவர் கிட்டாரில் அத்தனை பெரிய ஓட்டை எப்படி வந்தது? ஏன் மாற்றவில்லை? (ஆஸ்டின் வாசகர்)

ப: அது மார்ட்டின் என்-20, நைலான் கம்பி போட்ட க்ளாசிகல் கிட்டார். பெயர் 'ட்ரிகர்'. அதை விரலால் மீட்ட வேண்டும். அதனால்தான் பிளெக்ட்ரம் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) உரசும் இடத்தில் ஸ்டீல் கம்பி கிட்டாருக்குப் போடும் பாதுகாப்புத் தகடு இதற்குக் கிடையாது. வில்லி பிளெக்ட்ரத்தால்தான் வாசிக்கிறார். ஒவ்வொரு வீச்சிலும் முனை பலகையில் படும், கூடவே விரலும் படும். முதலில் வார்னிஷ் போகும், பிறகு மென்மையான ஸ்ப்ரூஸ் மரம் சுரண்டப்படும். 1969ல் வாங்கிய கிட்டார். ஒலித்துளைக்கும் பாலத்துக்கும் (கம்பிகளைத் தாங்கும் கட்டை) நடுவே இரண்டாவது துளையே விழுந்துவிட்டது.

அதற்கு முன் அவர் வைத்திருந்தது பால்ட்வின் கிட்டார். குடித்த ஒருவர் அதை மிதித்து உடைக்க, அதிலிருந்த பிக்கப்பை (ஒலியை மின்சாரமாக்கும் கருவி) கழற்றி மார்ட்டினுக்குள் வைத்தார்கள். நைலானில் காந்த பிக்கப் வேலை செய்யாது, இழுபட இரும்பு வேண்டுமே. இது பாலத்தின் அடியில் அதிர்வை வாங்கும் பீசோ வகை. அந்தப் பிக்கப், அந்த மரம், பால்ட்வின் ஆம்ப்ளிஃபயர், இந்தக் கூட்டுதான் அந்த உலர்ந்த, மணி போன்ற ஒலி. கிட்டாரை மாற்றினால் ஒலியும் போய்விடும். ஆஸ்டினில் மார்க் எர்ல்வைன் என்ற கைவினைஞர் உள்கட்டைகளைப் பலப்படுத்தி, மேலே புதுப்பூச்சு பூசி அதைக் காத்துவருகிறார்.

கே: யூடியூபில் பார்த்தேன். தாளத்துக்குப் பிந்தியே பாடுகிறார். வயதானதாலா? (டாலஸ் வாசகி)

ப: இல்லை, இளம் வயதிலும் அப்படித்தான். 'கிரேசி'க்காக க்ளைனுக்கு அனுப்பிய மாதிரிப் பதிவிலும் அதே பாணி. அதைப் பின்பற்ற முடியாமல்தான் க்ளைன் தன் போக்கில் பாடினார். வீட்டில் சோதித்துப் பாருங்கள். பாட்டின் வார்த்தையை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்து, தொடையில் 1, 2, 3, 4 தட்டுங்கள். தட்டை நிறுத்தாமல் இப்போது குரலைக் கேளுங்கள். 1ல் விழவேண்டிய சொல் ஒன்றரையில் விழும். அடுத்த வரி முன்கூட்டியே வந்து கடனை அடைத்துவிடும். வாத்தியக்காரர்கள் அவருக்காகக் காத்திருப்பதில்லை, அதனால்தான் இது நிற்கிறது. கூடச் சேர்ந்து பாடினால் வரிக்கு வரி முன்னே ஓடிப்போய் நிற்பீர்கள். பல்லவி தவிர மற்ற இடத்தில் வாயை மூடிக்கொள்வது பக்கத்து இருக்கைக்காரருக்கும் நல்லது.

கே: 'அவுட்லா' என்கிறார்களே, குற்றம் ஏதும் செய்தாரா? (ஹூஸ்டன் வாசகர்)

ப: சொல்லுக்கு 'சட்டத்துக்குப் புறம்பானவர்' என்று அர்த்தம். இங்கே ஸ்டுடியோ நிர்வாகத்துக்கு அடங்காத பாடகர்கள் என்று பொருள். வரித்துறை 1990ல் 1.67 கோடி டாலர் பாக்கி கேட்டுச் சொத்தைப் பறிமுதல் செய்தது வேறு கதை.

கே: நேரில் போக என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? (டாலஸ் வாசகர்)

ப: முதலில் டிக்கெட்டில் 'அவுட்லா மியூசிக் ஃபெஸ்டிவல்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பல குழுக்கள் வாசிக்கும், வில்லி கடைசியில் வருவார். கதவு திறந்ததும் போய் வெயிலில் காய்ந்து, அவர் வரும்போது களைத்துப்போவது பலர் செய்யும் தவறு. அவர் மட்டும் என்றால் சொன்ன நேரத்துக்கே இருங்கள். இப்போதெல்லாம் உட்கார்ந்தபடி ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வாசிக்கிறார். 'விஸ்கி ரிவர்'தான் வழக்கமான முதல் பாட்டு, தவறவிட்டால் பாதி கலகலப்பு போச்சு. புல்வெளி டிக்கெட்டில் கூரை கிடையாது; நாற்காலி அனுமதி அரங்குக்கு அரங்கு மாறும், முன்பே அரங்கின் விதிகளைப் படியுங்கள். பல இடங்களில் 12 x 6 x 12 அங்குலத்துக்கு உட்பட்ட, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைதான் செல்லும். இடம் தேர்ந்தெடுக்கலாம் என்றால் ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் வேண்டாம், ஒலிக்கலவைப் பலகைக்கு அருகில் எடுங்கள்; அவர் குழுவின் மிக்கி ரஃபேல் வாசிக்கும் ஹார்மோனிகாவும் நைலான் கம்பியும் அங்கேதான் பிரிந்து கேட்கும்.