ஒரு மாத ஆய்வு: புறப்படும் முன் என்ன செய்வது?

கேள்வி: ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்கப் போகிறேன். கடைசி நான்கு வாரங்களில் நானே ஓர் ஆய்வு செய்து அறிக்கை தரவேண்டும். அங்கே குடியேறிய பெண்களின் வேலை வாழ்க்கை பற்றி நேர்காணல் எடுக்க ஆசை. இப்போதே எதைத் தயார் செய்யலாம்?

பதில்: அனுமதியில் தொடங்குங்கள். ஆட்களிடம் பேசித் தகவல் திரட்டும் ஆய்வுக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் நெறிமுறைக் குழுவின், அதாவது ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் குழுவின், ஒப்புதல் தேவை. அது வருவதற்கு முன் எடுத்த நேர்காணல், எவ்வளவு நன்றாக இருந்தாலும், அறிக்கைக்கு உதவாது. யாரைச் சந்திப்பீர்கள், எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், ஒலிப்பதிவை எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். உங்கள் தலைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடியேறியவர்களில் சிலரிடம் முறையான ஆவணங்கள் இல்லாமல் இருக்கலாம். அவர்களிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் அந்தத் தாளே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். இப்படிப்பட்ட நிலையில் கையெழுத்தைத் தவிர்க்க அமெரிக்க விதிகளே இடம் தருகின்றன. வாய்மொழி ஒப்புதல் போதுமா என்று உங்கள் குழுவிடம் விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

பல்கலைக்கழகம் சரி என்றால் நாடும் சரி என்று அர்த்தமில்லை. கென்யாவில் ஆய்வு செய்ய நாகோஸ்டி என்ற அரசு ஆணையத்தின் உரிமம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் சேகரிக்கும் பெயர், குரல், படம் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும். மாணவர் விசாவில் களப்பணி செய்யலாமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் தலைப்பு. 'குடியேறிய பெண்களின் வேலை வாழ்க்கை' முனைவர் பட்டத்துக்கே பெரிது. 'வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு முதல் வேலை யார் மூலம் கிடைத்தது' என்று சுருக்கினால் நான்கு வாரத்தில் முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். முதல் வாரம் ஆட்களைத் தேடிச் சந்திப்பதிலேயே போய்விடும், கடைசி வாரம் எழுத வேண்டும். நடுவில் எட்டு, பத்து நல்ல நேர்காணல்கள் கிடைத்தாலே அதிர்ஷ்டம்தான்.

அங்குள்ள ஒரு வழிகாட்டியைப் புறப்படும் முன்பே பிடித்துவிடுவது நல்லது. அரைப் பக்கத்தில் கேள்வியையும் தேதிகளையும் எழுதி, ஒரே ஓர் உதவியைக் கேளுங்கள். 'ஏதாவது ஆலோசனை சொல்லுங்கள்' என்று முடியும் மின்னஞ்சலுக்குப் பேராசிரியர்கள் பதில் போடுவது அபூர்வம். 'இந்த அமைப்பில் யாரை அணுகலாம்?' என்றால் பதில் வரும்.

மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அதே சமூகத்தைச் சேர்ந்தவர் என்றால் கதவு சீக்கிரம் திறக்கும். ஆனால் சம்பளம், முதலாளி, கணவர் பற்றியெல்லாம் அவர் முன்னால் பேச அந்தப் பெண்கள் தயங்கலாம். சமூகத்துக்கு வெளியே உள்ள ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் நான் அவரையே அழைத்துச் செல்வேன்.

யாருமே பேச முன்வராவிட்டால்? அதற்கும் இப்போதே ஒரு வழி வையுங்கள். வேலைவாய்ப்பு விளம்பரங்கள், தொழிலாளர் சங்க அறிக்கைகள், பழைய செய்தித்தாள்கள் ஆகியவற்றை வைத்து இதே கேள்விக்குப் பாதி பதிலாவது எழுத முடியும். இந்த மாற்றுத் திட்டத்தை முதல் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிட்டால், நடுவில் மறுபடியும் குழுவின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிராது.