பருவுக்கு ஜெல் போடுகிறவர் லேசர் செய்யலாமா?

தக்கலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “வயது 26. தாடையிலும் கன்ன ஓரத்திலும் முடி வளர்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை த்ரெட்டிங் செய்கிறேன். பருவுக்கு டாக்டர் எழுதித் தந்த அடாபலீன் ஜெல்லை இரவில் போடுகிறேன். முகம் தெளிவாக இருக்கட்டும் என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஒரு கிரீமையும் ஒன்றரை வருடமாகப் போடுகிறேன். தை மாதம் கல்யாணம், இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் முடி நீக்கும் லேசருக்கு முன்பணம் கட்டிவிட்டேன். ஜெல்லை நிறுத்த வேண்டுமா?”

ஜெல்லை நிறுத்த வேண்டும், ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான். என்னைக் கவலைப்பட வைப்பது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த இரண்டாவது கிரீம்.

முதலில் ஜெல்லை முடித்துவிடுவோம். அடாபலீன், டிரெட்டினாயின் போன்றவை தோலின் மேலடுக்கைச் சீக்கிரம் உதிர வைக்கும். தோல் காய்ந்து, சிவந்து, எளிதில் எரியும். அந்த நிலையில் லேசர் பட்டால் கொப்புளமும் கருமையும் வர வாய்ப்பு அதிகம். அதனால் லேசருக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். செய்தபின் சிவப்பும் எரிச்சலும் முழுசாக அடங்கியதும், சாதாரணமாக ஐந்து முதல் ஏழு நாளில், மறுபடி தொடங்கலாம். கிளைகாலிக் அமிலம் கலந்த ஃபேஸ் வாஷுக்கும் இதே கணக்குதான். பருவுக்குப் போடுவது பென்சாயில் பெராக்சைடு என்றால் இரண்டு மூன்று நாள் முன்பு நிறுத்தினால் போதும். கிளிண்டாமைசின் மட்டும் போடுகிறவர்கள் அன்றைக்கு முகத்தை நன்றாகக் கழுவிவிட்டுப் போகலாம். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இனி அந்தக் கிரீம். டியூபைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் என மூன்று பெயர் இருக்கலாம். மொமெட்டசோனுக்குப் பதில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்: உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறது. 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இருந்தும் “முகம் வெளுக்க ஒண்ணு தாங்க” என்று கேட்டால் கையில் கிடைத்துவிடுகிறது.

போன மாதம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் மஞ்சப்பையில் ஏழு டியூப் கொண்டுவந்தார். ஒன்றில் பெயரே அழிந்துபோயிருந்தது. ஜன்னல் பக்கம் உட்கார வைத்துப் பார்த்தேன். கன்னம் முழுக்க நூல் நூலாகச் சிவப்பு ரத்தக்குழாய்கள், அதன்மேல் பட்டுப்போல மென்மையான முடி. அவரும் லேசருக்காகத்தான் வந்திருந்தார். நீண்ட நாள் ஸ்டீராய்டு போட்டால் தோல் மெலியும், பரு கூடும், முடியும் வளரும். முடிக்குப் பயந்து லேசருக்கு ஓடுகிற பலருக்கு அந்த முடியை வளர்த்ததே முகத்தில் போடும் கிரீம்தான். கிரீமை நிறுத்தினால் அப்படி வந்த முடி சில மாதங்களில் தானே குறையக்கூடும்.

ஆனால் நாளைக்கே தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒன்றரை வருடம் போட்டதைச் சட்டென்று விட்டால் முகம் சிவந்து, எரிந்து, பரு பொங்கி வரும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி அதே டியூபை எடுப்பவர்களே அதிகம். தோல் டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் விட வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே தோல் பிரிவு இருக்கிறது. தோல் தேறும்வரை, சிலருக்கு அது மாதக்கணக்கு, முகத்தில் லேசர் வேண்டாம். கட்டிய முன்பணத்துக்காக மட்டும் போய்விடாதீர்கள், தேதியைத் தள்ளிக் கேளுங்கள்.

மெலிந்த தோலுக்கு ஏன் இவ்வளவு பயம்? முடிவேரில் இருக்கும் கறுப்பு நிறமி லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூட்டில்தான் வேர் கெடுகிறது. நம்முடைய மாநிறத் தோலிலும் அதே நிறமிதான் இருக்கிறது. ஒளிக்கு வேர் எது, தோல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது; தோலும் சூடாகும், மெலிந்த தோல் அதைத் தாங்காது. அதனால் நமக்கு அலை நீளம் கூடிய, ஆழமாக இறங்குகிற 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது. 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட்டில் நம் தோல் சுடும் வாய்ப்பு அதிகம். என்ன மெஷின், யார் இயக்குகிறார்கள், டாக்டர் பக்கத்தில் இருப்பாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

இன்னொன்று, கன்னத்துப் பூனை முடிக்கு லேசர் கேட்காதீர்கள். மெல்லிய முடியில் லேசர் சரியாகப் பிடிக்காது. சிலருக்கு, குறிப்பாக நம் நாட்டுப் பெண்களுக்கு முகத்திலும் கழுத்திலும், அது தடித்த முடியாக மாறிவிடுவதும் உண்டு. தாடையில் தடித்த கறுப்பு முடி இருந்து, மாதவிடாயும் தள்ளித் தள்ளி வந்தால், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று ஹார்மோன் பரிசோதனை செய்துவிடுங்கள். அதைக் கவனிக்காமல் லேசர் மட்டும் செய்தால் முடி திரும்பத் திரும்ப வரும்.

த்ரெட்டிங்கை லேசருக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளி எதைப் பிடிக்கும்? அதுவரை ரேசரால் மழிக்கலாம். மழித்தால் முடி தடிக்கும் என்பது உண்மையில்லை. போகும் நாளில் தேங்காய் எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் முகத்தில் இருக்கக் கூடாது. மரத்துப்போக வைக்கும் கிரீமை டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் பூசாதீர்கள். கை கால் முழுக்கப் பூசி பிளாஸ்டிக் தாள் சுற்றினால் மருந்து ரத்தத்தில் ஏறி வலிப்பு வரை போகலாம்.

கல்யாணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது ஆறு முறை செய்ய வேண்டிவரும். தோல் தேறும் காலத்தையும் சேர்த்தால் தைக்குள் முடியாது. முகூர்த்தத்துக்கு முந்தின மாதம் புதிதாக எதுவும் தொடங்காதீர்கள். அன்றைக்கு மழித்துவிட்டு மேக்கப் போட்டாலே போதும், யாருக்கும் தெரியாது. லேசரை அப்புறம் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

வெயில் விஷயத்தில் நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் ஏமாந்துபோகிறோம். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர், வானம் பாதி நாள் மூடியே இருக்கும். மேகம் இருந்தாலும் புறஊதாக் கதிர் இறங்கும். குளச்சல், முட்டம் பக்கம் என்றால் கடற்கரை மணலிலிருந்தும் கொஞ்சம் திருப்பி அடிக்கும். ஸ்கூட்டரில் நாகர்கோவில் போய்வருகிறவர்கள் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைக் காலையும் மதியமும் போடுங்கள். வெயிலில் கறுத்திருக்கும் முகத்தில் லேசர் செய்யவே கூடாது.

தோல் தேறியபின் போனால் முதல் நாளே முழு முகத்தையும் கொடுக்காதீர்கள். காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் சின்ன இடத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிக்கால்களைச் சுற்றி சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வந்து ஓரிரு நாளில் அடங்கினால் பயமில்லை. கொப்புளமோ, பொருக்கோ, வட்ட வட்டமாகக் கருமையோ வந்தால் பற்பசை, எண்ணெய் எதையும் தடவாமல் குளிர்ந்த ஈரத்துணியை வைத்து அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். நம் தோலில் கருமை மெதுவாகத்தான் தெரியும். அதனால் இரண்டு வாரம் கழித்து, பகல் வெளிச்சத்தில் அந்த இடத்தை இன்னொருமுறை பார்த்துவிட்டு மிச்ச முகத்துக்குத் தேதி வாங்குங்கள்.