வாக்குரிமை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை

தம்பி, கனடாவுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, கையில் நிரந்தர வதிவிட அட்டை மட்டுமே இருக்கிறது, வாக்கில்லாதவனுக்கு இங்குள்ள தேர்தலில் என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். சட்டம் நீங்கள் சொல்வதுபோலத்தான். நாடாளுமன்றத் தேர்தலில் குடியுரிமை உள்ளவர்களுக்கே வாக்கு. ஐந்து ஆண்டுகளுக்குள் 1,095 நாட்கள் இங்கே வாழ்ந்த பிறகுதான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வருமான வரிப் படிவத்தில், வாக்காளர் பட்டியலுக்காக, கனடியக் குடிமகனா என்றொரு கேள்வி வரும். அவசரத்தில் ‘ஆம்’ என்று குறித்துவிடாதீர்கள்.

ஆனால் வேலை இல்லை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2011 மே 2ஆம் திகதி நாடாளுமன்றத் தேர்தலை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து பார்த்தவன் நான்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், வன்னியில் சனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்தோம். ஒட்டாவாவில் நாடாளுமன்ற வாசலில் நாட்கணக்கில் நின்று கத்தினோம். உள்ளே தமிழர் என்று ஒருவர்கூட இல்லை. 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பலில் 492 தமிழ் அகதிகள் வந்து இறங்கியபோதும் அதே நிலைதான்.

ஸ்காபரோ ரூஜ் ரிவர் 1988 முதல் லிபரல் கட்சியின் கையில் இருந்த தொகுதி. புதிய ஜனநாயகக் கட்சி அங்கே ராதிகா சிற்சபைஈசனை நிறுத்தியது. எங்கள் தெருவில் ஓர் அம்மா இருந்தார். வாக்குரிமை இல்லை, ஆங்கிலமும் அவ்வளவாக வராது. பின்னேரங்களில் தேர்தல் பணிமனைக்கு வந்து துண்டுப்பிரசுரங்களை நகத்தால் நீவி மடித்து அடுக்குவார். பிறகு தமிழ் வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்து, “பிள்ளை, வாக்காளர் அட்டை வந்துவிட்டதா?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியால் எத்தனை பேர் வீட்டைவிட்டு வெளிக்கிட்டார்கள் என்பதைக் கண்ணால் கண்டேன்.

அது எனக்கும் இங்கே முதல் வாக்கு. கறுப்புத் தாளில் பெயர்களுக்கு நேரே வெள்ளை வட்டங்கள், குறியிட ஒரு பென்சில். விரலில் மை பூசவில்லை, வாசலில் துப்பாக்கியோடு யாரும் நிற்கவில்லை. வெளியே வந்த பிறகும் கை நடுங்கியது. வாக்களிப்பு முடிந்ததும் அதே மண்டபத்தில், வேட்பாளர்களின் முகவர்கள் பார்த்திருக்க, கையாலேயே எண்ணினார்கள். ராதிகா வென்றார். கனடிய நாடாளுமன்றத்தின் முதல் தமிழர் அவர்.

நாடு முழுவதும் பார்த்தால் அது பெரிய புரட்டல். ஜாக் லேய்ட்டனின் புதிய ஜனநாயகக் கட்சி 308 இடங்களில் 103ஐப் பிடித்து முதன்முறையாகப் பிரதான எதிர்க்கட்சியானது. லிபரல் 34 இடங்களுக்குச் சுருங்கியது, அதன் தலைவரே தன் தொகுதியை இழந்தார். அப்போதைய பிரதமர் ஹார்ப்பரின் கன்சர்வேட்டிவ் கட்சியோ 40 வீதத்துக்கும் குறைந்த வாக்குகளோடு 166 இடங்களை எடுத்தது. ஊரில் நீங்கள் பழகிய மாவட்டப் பட்டியலும் விருப்பு வாக்கும் இங்கே இல்லை. ஒரு தொகுதிக்கு ஓர் ஆள், கூடுதல் வாக்கு எடுத்தவர் வெற்றி. அதனால்தான் ஒரு தெருவின் தொலைபேசி அழைப்புகளுக்கும் கனம் இருக்கிறது.

2015இல் ராதிகா தோற்றார். அதே தேர்தலில் ஸ்காபரோ ரூஜ் பார்க்கில் லிபரல் சார்பில் கரி ஆனந்தசங்கரி வென்றார், பின்னாளில் அமைச்சரும் ஆனார்.

நிரந்தர வதிவிடம் உள்ளவர் தொண்டராக வேலை செய்யலாம், கட்சிக்கு நன்கொடையும் கொடுக்கலாம். எந்தக் கட்சி என்பது உங்கள் விருப்பம். அடுத்த தேர்தல் அறிவித்ததும் உங்கள் தொகுதிப் பணிமனை ஒன்றுக்குப் பின்னேரம் போய்ப் பாருங்கள், தமிழில் தொலைபேசி எடுக்க ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள்.