கொன்செத்தாவின் இத்தாலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பாடகி கானி பிரான்சிஸ் மறைந்தபோது நீங்கள் எழுதிய குறிப்பில், 1959இல் அவர் வெளியிட்ட இத்தாலியப் பாடல் தொகுப்பையே அவருடைய ஆகச்சிறந்த இசைத்தட்டு என்று சொல்லியிருந்தீர்கள். மிலானில் படிக்கும் நான் அதைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். ஏமாற்றமாக இருந்தது. ஒரே பாட்டில் பாதி இத்தாலியம், பாதி ஆங்கிலம். என் அறைத்தோழன் மிலான்காரன். இரண்டு பாடல்களைக் கேட்டுவிட்டு, "இது இத்தாலியமே இல்லை, நாப்போலிப் பேச்சு. அதையும் அமெரிக்க நாக்கோடு பாடுகிறார்" என்று சிரித்தான். அவர் ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் என்று பல மொழிகளில் பாடி விற்றவர். இதுவும் அந்த வியாபாரத்தில் ஒரு சரக்குதானே? இதில் உண்மையான உணர்ச்சி எங்கே இருக்கிறது?

கே., மிலான்

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சொன்னது சரி. அந்தத் தட்டில் உள்ள பல பாடல்களின் மூலம், தெற்கு இத்தாலியின் நாப்போலி (நேப்பிள்ஸ்) நகரத்து மொழிதான். 'அனேமா எ கோரே' என்ற தலைப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது. பொது இத்தாலியத்தில் அது 'அனிமா எ குவோரே' என்று இருந்திருக்கும். உயிரும் இதயமும் என்று பொருள். சொரெந்தோவுக்குத் திரும்பி வா என்று அழைக்கும் பாட்டும் நாப்போலிதான், 'ஓ சோலே மியோ'வும் நாப்போலிதான். உலகம் இத்தாலியப் பாட்டு என்று முணுமுணுப்பதில் பெரும்பகுதியை நாப்போலிக்காரர்கள் கொடுத்தார்கள். மிலான்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பதும் புதிதல்ல.

ஆனால் அவர் சிரித்த அதே இடத்திலிருந்துதான் நான் தொடங்குவேன். இத்தாலி ஒரே நாடானது 1861இல். பொது இத்தாலியத்தை வீட்டில் பேசியவர்கள் அன்று மிகச் சிலர். 1880க்கும் 1920க்கும் இடையில் சுமார் 40 லட்சம் பேர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தெற்கத்தியர்கள்: நாப்போலியைச் சுற்றியுள்ளவர்கள், கலாப்ரியர்கள், சிசிலியர்கள். பொது இத்தாலியத்துக்கு அடித்தளமிட்ட கவிஞர் தாந்தேயின் மொழி அவர்களுடைய மூட்டையில் இல்லை. அம்மா திட்டிய மொழியும் கல்யாண வீட்டில் பாடிய பாட்டும் இருந்தன. நியூஜெர்சியின் நியூவார்க் நகரில் வளர்ந்த கொன்செத்தா பிராங்கோனெரோ என்ற சிறுமிக்கு இத்தாலி என்றால் அதுதான்.

அந்தச் சிறுமிதான் கானி பிரான்சிஸ். பெயர் மாறிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு தொலைக்காட்சிப் போட்டிக்குப் போன சிறுமியின் பெயர் நிகழ்ச்சி நடத்திய ஆர்தர் காட்ஃப்ரியின் வாயில் நுழையவில்லை. எல்லோருக்கும் சொல்ல எளிதாக ஒரு பெயரை வைத்துக்கொள்ளச் சொன்னார். பிராங்கோனெரோ போய் பிரான்சிஸ் வந்தது.

அதற்கும் சில வருடங்கள் பின்னே போனால் இன்னொன்று இருக்கிறது. 1942இல், இரண்டாம் உலகப்போரின்போது, குடியுரிமை பெறாத சுமார் 6 லட்சம் இத்தாலியர்களை அமெரிக்க அரசு 'எதிரி நாட்டவர்' என்று பதிவுசெய்து வைத்திருந்தது. ஹிட்லர், முசோலினி படங்களைப் போட்டு, "எதிரியின் மொழியைப் பேசாதே, அமெரிக்க மொழி பேசு" என்ற சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. கொன்செத்தாவுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. கடைவீதியில் குரலைத் தாழ்த்திப் பேசிய மொழி அது. பதினேழே வருடங்களில் அதே மொழியை அட்டைப்படத்தில் தன் முகத்தோடு நாடெங்கும் விற்றிருக்கிறார். வியாபாரம் என்கிறீர்களே, அந்த வியாபாரத்துக்கே கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருந்தது.

வியாபாரம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். திட்டம் முழுக்க அவருடைய அப்பாவுடையது. முதல் இசைத்தட்டுகள் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டிருந்தபோது, 1923ஆம் ஆண்டின் பழைய பாட்டு ஒன்றைப் பாடச்சொல்லி மகளை வற்புறுத்தியவர் அவர். மகளுக்கு அந்தப் பாட்டு பிடிக்கவே இல்லை. 1958இல் அதுதான் அவரை நட்சத்திரமாக்கியது. மறு வருடம் ஆகஸ்டில் இத்தாலியப் பாட்டுக்காக மகளை லண்டனின் ஆபி ரோட் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அனுப்பிவைத்தார். பாடகிக்கு 21 வயது. ராக் அண்ட் ரோல் கேட்கும் பிள்ளைகளிடம் ஏற்கெனவே பெயர் வாங்கியாயிற்று, இனி அவர்களுடைய அப்பா அம்மாக்களிடமும் விற்கலாம் என்ற கணக்கு. கணக்கு தப்பவில்லை. அந்தத் தொகுப்பு அமெரிக்க இசைத்தட்டுப் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறி, 81 வாரங்கள் அங்கேயே இருந்தது. பிறகு யூதப் பாடல்கள், ஸ்பானியப் பாடல்கள், ஐரிஷ் பாடல்கள் என்று வரிசையாக வெளியிட்டார்கள். ஜெர்மனில் அவர் பாடிய பாட்டு ஒன்று 1960இல் அந்த நாட்டில் முதலிடத்துக்கே போனது. அவையெல்லாம் ஏற்றுமதிச் சரக்கு என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். இத்தாலியத் தட்டிலும் தூக்கிப்போட வேண்டியவை உண்டு. வயலின்கள் சில இடங்களில் பாகு காய்ச்சுகின்றன. 'ஓ சோலே மியோ' மெட்டுக்கு அமெரிக்காவில் எழுதிய காதல் வரிகளை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆனால் அம்மாவைப் பற்றிய 'மாமா' பாட்டை மட்டும் இன்னொரு முறை கேளுங்கள். பிக்ஸியோ மெட்டமைத்து கெரூபினி எழுதி 1940இல் வந்த பாட்டு. பெனியாமினோ ஜீல்யி என்ற பெரிய ஆண் குரல் பாடிப் புகழ் பெற்றது. அதன் இத்தாலிய வரிகளில் மகன் ஊர் திரும்புகிறான். அம்மா, உன்னிடம் திரும்பி வருவதால் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று தொடங்குகிறான். இனி உன்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறான். கானி பிரான்சிஸ் பாடும் ஆங்கில வரிகளில் யாரும் திரும்பவில்லை. மாலை மங்கும் நேரத்தில், நீ அருகில் இருந்து வழிகாட்டிய நாட்களுக்காக ஏங்குகிறேன் என்கிறாள் மகள். அம்மா உயிரோடு இருக்கிறாளா என்றுகூட நமக்குத் தெரியவில்லை. மெட்டு ஒன்று, பாட்டு ஒன்று. இத்தாலியத்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள், ஆங்கிலத்தில் வீடு இருந்ததை நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆங்கில வரி எழுதியவர் இதையெல்லாம் யோசித்திருக்க வேண்டியதில்லை, எனக்கும் அது பொருட்டல்ல. நியூவார்க்கில் அன்று அந்தத் தட்டைச் சுழலவிட்ட வீட்டை நினைத்துப் பாருங்கள். பாட்டிக்கு இத்தாலிய வரி மட்டும் புரிந்திருக்கும். பேத்திக்கு ஆங்கில வரி மட்டும் புரிந்திருக்கும். நடுவில் இருந்த அம்மாவுக்குத்தான் இரண்டும் புரிந்திருக்கும், அழுதிருந்தால் அவள்தான் அழுதிருப்பாள். நீங்கள் குறையாகச் சொன்ன அந்தப் பாதிக்குப்பாதி, அப்படிப்பட்ட வீடுகளில் சாப்பாட்டு மேசையில் தினமும் நடந்த பேச்சு. அம்மா ஒரு மொழியில் கேட்பாள், பிள்ளைகள் இன்னொன்றில் பதில் சொல்வார்கள். அமெரிக்க நாக்கு என்று உங்கள் நண்பர் சொன்னாரே, அந்த நாக்கு இல்லாமல் பாடியிருந்தால்தான் அது வேஷமாக இருந்திருக்கும்.

2025இல் அவருடைய பழைய பாட்டு ஒன்று திடீரென்று கைபேசிகளில் பரவியது. 1962இல் வந்த பாட்டு. அதைப் பாடியதே நினைவில்லை என்று அவரே சொன்னார். அந்த ஜூலையில் 87 வயதில் இறந்தார். இரங்கல் செய்திகளில் அந்த மறந்துபோன பாட்டே முன்னால் நின்றது. அந்த எரிச்சலில்தான் இத்தாலியத் தொகுப்பைப் பற்றி எழுதினேன். 'ஆகச்சிறந்த' என்ற சொல்லில் எரிச்சலின் பங்கும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

உங்கள் நண்பரைச் சமாதானப்படுத்தவும் ஒரு வழி இருக்கிறது. 1965இல் கானி பிரான்சிஸ் இத்தாலிக்கே போய், சான்ரெமோ பாட்டுப்போட்டியில் பாடினார். 'ஹோ பிசோன்யோ தி வெதேர்தி' என்று தொடங்கும் பாட்டு, நாப்போலி வாடையில்லாத பொது இத்தாலியம், நடுவில் ஆங்கிலமும் கிடையாது. அதைப் போட்டுக்காட்டுங்கள். நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். 'மாமா'வை இந்தப் பதிலை எழுதும்போது மட்டும் நான்கு முறை கேட்டுவிட்டேன்.